ஒன்பதாவது பாட்டைப் பாம்பனில் பாடினேன்

சனிக்கிழமை, காலை 6.20. ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் இறங்கினோம். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கக் கண்ணே மூடவில்லை. கூட வந்த இருவரும், வயலின் வாசிக்கும் அனிதாவும் தாளம் பார்க்கும் ஜோயலும், நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கென்ன, பாட்டில் இருப்பது அவர்கள் மாமா இல்லையே.

எங்களுடையது மூன்றே பேர் கொண்ட பாட்டுக் குழு. நாட்டுப்புற மெட்டில் நாங்களே எழுதி, நாங்களே பாடி, சுவரொட்டியையும் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம். ‘ஒன்பது பேர்’ எங்கள் முதல் ஆல்பம். அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். கமுதியில் இருக்கும் அய்யா வீட்டுச் சொந்தத்தில் ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு பாட்டு. எட்டுப் பாட்டில் வம்பில்லை. ஒன்பதாவது முனியசாமி மாமாவின் பாட்டு. அது ஒப்பாரி.

மாமா, அய்யாவின் தங்கை பாண்டியம்மாளின் புருஷன். கடலாடிப் பக்கத்துக்காரர். மழை இல்லாமல் மிளகாய் கருகிப்போன ஒரு வருடம் குடும்பத்தோடு பாம்பனுக்குப் போய் விசைப்படகில் கூலிக்குச் சேர்ந்தார். பதினான்கு வருடத்துக்கு முன் அந்தப் படகு கவிழ்ந்தது. மற்ற மூன்று பேரும் கரை வந்தார்கள். மாமா வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை கமுதியில் முதல் நிகழ்ச்சி. கல்யாண மண்டபத்தில் இருநூறு நாற்காலி, முக்கால்வாசி சொந்தக்காரர்கள். ஒன்பதாவது பாட்டுக்குப் பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். அய்யாவும் அழுதார். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமா படத்துக்குச் சந்தன மாலை போட்டு ஏழெட்டு வருடமாகிறது, போட்டவர் அய்யாதான். அதனால் ஒப்பாரி எழுதியபோது எனக்கு எந்த யோசனையும் வரவில்லை. இறந்தவருக்குத்தானே பாடுகிறேன் என்று நினைத்தேன்.

பாடி முடித்து இறங்கியதும் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்தார். “நல்லாப் பாடுனத்தா. பாண்டியம்மா இதக் கேட்டாளா?”

“நாளைக்குப் பாம்பன்லதான் அத்தை கேக்கப்போறாக, பெரியம்மா.”

அவர் கையை விட்டுவிட்டார்.

ஞாயிறு, காலை 8.00. கமுதியிலிருந்து ராமநாதபுரம் அறுபது கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து பாம்பன் இன்னும் நாற்பதுக்கு மேல். வேன் வாடகை 4,500 ரூபாய். ஓட்டியவர் மண்டபத்துக்காரர் காசி அண்ணன். பேச்சும் வெற்றிலையுமாக வந்தார். சாலையின் இரு பக்கமும் கருவேலங்காடு. கார்த்திகை மழை தேங்கிய பள்ளங்களில் கொக்குகள். உச்சிப்புளி தாண்டியதும் ஜோயல் எங்கள் பாட்டை வேனில் போட்டான். காசி அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். மண்டபம் வந்து பாலத்தில் ஏறும்போது ஒன்பதாவது பாட்டு தொடங்கியது.

வல வந்து கர சேர
வலிச்ச கை வரலையே…

பாதிப் பாலத்தில் அவர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். வாடைக்காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. கீழே, பக்கத்திலேயே ரயில் பாலம். இரண்டு பக்கமும் கடல் கலங்கிக் கிடந்தது.

“இது யாருக்கு வச்ச ஒப்பாரி பாப்பா?”

சொன்னேன்.

“ஒடம்பு கெடச்சுச்சா?”

“இல்லண்ணே.”

“அந்தம்மா தாலியக் கழட்டிருச்சா?”

அத்தை கழற்றவில்லை. விடுமுறைதோறும் அந்த வீட்டில் போய்த் தின்று வளர்ந்தவள் நான். அந்தக் கழுத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பார்த்ததை யோசிக்கத்தான் தோன்றவில்லை.

“ஒங்க ஊர்ல எப்பிடியோ. இங்கன ஒடம்பப் பாக்காம பொம்பள வாயத் தொறந்து அழுக மாட்டா. அழுதா ஆளக் கடலுக்கே குடுத்ததா ஆயிரும். நீ போயி மைக்குல பாடப் போற.” அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அன்று அது முடியவே இல்லை.

பகல் 11.30. பாம்பனில் அத்தையின் வீடு கடலிலிருந்து நூறு அடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன்மேல் ஒரு இரும்புக் கம்பம், அதில் கடலைப் பார்த்தபடி ஒரு பல்ப். அத்தை எங்களுக்கு நண்டுக் குழம்பு வைத்திருந்தார். “ஏத்தா, இப்பிடி எளச்சுப் போயிட்ட” என்று என் தட்டில் இன்னொரு நண்டை வைத்தார். சுவரில் மாமாவின் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை.

அத்தை தண்ணீர் பிடிக்கப் போனதும், அவர் மகள் கௌசல்யா மதினியை அடுப்படியில் மடக்கினேன். ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், எங்கள் நிகழ்ச்சிக்காகவே வந்திருந்தார்.

“மதினி, நான் எட்டுப் பாட்டோட நிறுத்திக்கிறேன்.”

“பாடு.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் இல்லையா? பதினாலு வருசம் அது ஒரு சொட்டு அழுகல. கல்லு மாதிரி இருக்கு. ஒரு தடவ அழுதுருச்சுன்னாப் போதும். நான் சொன்னாத் திட்டும். நீ பாடுனாக் கேக்கும்.” மதினியின் கண்கள் சிவந்திருந்தன.

மாலை 4.30. தெருக்கோடி மைதானத்தில் பந்தல். கச்சேரி கேட்கக் கட்டணம் இல்லை. அத்தை முதல் வரிசையில், நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அய்யாவைப் பற்றிய பாட்டுக்கு வாய்விட்டுச் சிரித்தார். எட்டாவது முடிந்தது. அனிதா என்னைப் பார்த்தாள். பந்தலின் பின்னால் நின்ற மதினியை நான் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

பாடினேன். முதல் அடியிலேயே பந்தலில் பேச்சு நின்றது. இரண்டு மூன்று பெண்கள் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் அடியில் மாமாவின் பெயர் வரும். பெயரைச் சொன்னேன். அத்தை எழுந்தார். யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூட மாட்டாமல், கடல் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார்.

தோளில் மாட்டியிருந்த கிடாரை ஜோயல் கையில் திணித்துவிட்டு ஓடினேன். மதினி எனக்கு முன்னால் “யம்மா, யம்மா” என்று கத்திக்கொண்டு ஓடினார். இருட்டிக்கொண்டு வந்தது, அலைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கரையில் ஆளே இல்லை. என்ன காரியம் செய்துவிட்டேன்! கடலில் ஏதோ கறுப்பாகத் தெரிந்ததைப் பார்த்து மதினி மண்ணில் உட்கார்ந்தேவிட்டார். அது நங்கூரமிட்ட வள்ளம்.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் விழுந்தது. திரும்பினோம். கூரைக் கம்பத்தில் பல்ப் எரிந்தது. அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்னத்துக்கு ரெண்டு பேரும் மண்ணுல கெடக்கீக?”

“அத்தை… கோவிச்சுக்கிட்டு வந்துட்டீகளா?”

“கோவம் என்னத்தா? மணி ஆறாச்சு. லைட்டுப் போடணும்ல.” அத்தை கதவைச் சாத்திவிட்டு வந்து, என் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். “பாட்டு நல்லாருக்கு. அவுகளுக்கும் பாட்டுன்னா உசுரு. வந்தப்பறம் ஒருக்க பாடிக் காட்டு.”

அழுதது மதினிதான். அத்தை மகளைத் தூக்கி நிறுத்தி, “கூட்டம் காத்துக் கெடக்கு, வாங்க” என்று எங்களுக்கு முன்னால் நடந்தார். நாங்கள் போய் முதல் பாட்டையே இன்னொரு முறை பாடி முடித்தோம்.

திங்கள், காலை 7.10. திரும்பும்போது பாலத்தில் காற்று அடங்கியிருந்தது. இனி ஒன்பதாவது பாட்டை நான் எந்த மேடையிலும் பாடப்போவதில்லை. ஆனால் ஏற்கெனவே பாடியது பாடியதுதான், அந்தப் பயம் என்னை விட்டபாடில்லை. எங்கள் வீட்டுக் கூடமும் அத்தை வீட்டுச் சுவரும் மாறி மாறிக் கண்முன் வந்தன. இரண்டிலும் இருப்பது ஒரே படம்தான்.

அய்யாவைக் கூப்பிட்டேன்.

“அய்யா, மாமா படத்துல இருக்க மாலைய எடுத்துருங்க.”

மாலையைத் தன் கையாலேயே போட்ட மனுஷன் கேட்டார்:

“ஏத்தா… ஏதும் தகவல் வந்துச்சா?”