பார்த்தால் குடிக்காத நாய்

எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது சாப்பிடாது. தண்ணீரும் குடிக்காது. தட்டை வைத்துவிட்டு நாம் திரும்பி நடந்துவிட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். ஆசைப்பட்டுத் திரும்பினால் போச்சு. தலையைத் தூக்கி, மீசையில் கஞ்சி சொட்டச் சொட்ட, அந்தத் தட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"புதுசா வந்த மருமவ கணக்கா, யாரும் பாக்காதப்பதான் துண்ணுது" என்பாள் அம்மா.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீடு. நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போவார். அம்மா மீன் கூடையோடு ஷேர் ஆட்டோ ஏறி அணுபுரம் போய், விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். அடுத்த வீடு அத்தையுடையது, அப்பாவுக்கு அக்கா. மாமா ஆட்டோ ஓட்டினார். அவர்களுக்கு ஒரே பையன். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவன். என்னைவிடச் சின்னவன், பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேரப்போகிறவன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வாசல். வாசலில் ஒரு பூவரச மரம்.

படகு ஏற்றும் இடத்தில் பெரிய நாய்களிடம் கடிபட்டு வலைக்குவியலுக்குள் ஒளிந்திருந்த குட்டியை அப்பாதான் லுங்கி மடிப்பில் போட்டுக்கொண்டு வந்தார். காரப்பொடி மீன் மாதிரி இத்துனூண்டு இருந்ததால் காரப்பொடி என்றே பெயர் வைத்தோம். கூப்பிடச் சோம்பல்பட்டு அதைப் பொடி ஆக்கிக்கொண்டோம். மற்ற நாய்களுக்குப் பயந்து பயந்து தின்ற பழக்கம்தான் அந்த வெட்கம் என்று இப்போது தோன்றுகிறது. மற்றபடி பொடிக்கு மனிதர்கள் என்றால் உயிர். சிலிண்டர் போட வருகிறவர் ஆனாலும் சரி, கோட்டை பார்க்க வந்து வழி கேட்கிற ஆட்கள் ஆனாலும் சரி, வாலாட்டிக்கொண்டு போய் எதிரில் நிற்கும். விரித்த குடையை மட்டும் அதற்குப் பிடிக்காது. இன்னொன்று, யாரும் ஓடக் கூடாது. ஓடினால் அதற்குப் பொறுக்காது. பின்னாலேயே பாய்ந்து பாவாடையோ டவுசரோ கையில் கிடைத்ததைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. நாய்க்கு ஏது கை, வாய்தான்.

அந்தக் கோடையில் குப்பத்துக்குள் ஒரு வெறிநாய் நுழைந்தது. எங்கள் தெருக்கோடியில் ஆடு வளர்ப்பவரின் சினையாட்டைக் கடித்து, அந்த ஆடு சில வாரங்களில் வாயில் நுரை தள்ளிச் செத்தது. நாயை ஆண்கள் சேர்ந்து கடற்கரையில் அடித்துக் கொன்றார்கள். அதற்கு முன்னால் அது எந்தெந்த நாயோடு சேர்ந்து சுற்றியது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பொடியும் ஒருநாள் அதன் பக்கத்தில் நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அது பொடி இல்லை, அதே நிறத்தில் வேறொரு குட்டி என்று இன்னொருவர் சொன்னார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு ஒரு காலையில் அத்தை மகனைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் சோப்பு பட்டு, அவள் கையிலிருந்து வழுக்கி, வாசலில் ஓடினான். அத்தை துண்டோடு துரத்தினாள். மரத்தடியில் படுத்திருந்த பொடி எழுந்து பாய்ந்தது. பிடித்து நிறுத்த அவன் உடம்பில் துணி எதுவும் இல்லை. கெண்டைக்கால்தான் கிடைத்தது.

அவன் அலறலைவிட அத்தை அலறியதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. சோப்பு நுரையில் ரத்தம் ரோஸ் நிறத்தில் இறங்கியது. யாரோ மஞ்சள் வை என்றார்கள், யாரோ மிளகாய்ப் பொடி என்றார்கள். அத்தை எதையும் காதில் வாங்காமல் குழாயைத் திறந்துவிட்டு அவன் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாமா ஆட்டோவை எடுத்தார். ஈரத் துண்டு சுற்றியபடியே பையனைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொடி ஆட்டோ பின்னால் கொஞ்ச தூரம் வாலாட்டிக்கொண்டே ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. அப்பா அதை வலைக்கயிற்றால் பூவரச மரத்தில் கட்டினார்.

சாயங்காலம் அத்தை திரும்பி வந்தாள். என் அம்மா ஓடிப்போய்க் கேட்டதற்கு, "ஊசி போட்டாங்க. இன்னும் போடணுமாம். நாய கட்டி வெச்சி பத்து நாளு பாக்கச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தப்பு செய்தவர்களைக் கட்டி வைத்துப் பார்ப்பது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அத்தை பார்க்கத் தொடங்கினாள். வீட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பூவரச மரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அடுப்பு வேலைக்கு மட்டும் எழுந்து போவாள், அங்கிருந்தும் கண் மரத்தடியில்தான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இமை கொட்டாமல், அப்படி ஒரு பார்வை. ராத்திரி பாயையும் அங்கேயே விரித்துக்கொண்டு, தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. அம்மா குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. அப்பா அத்தையின் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்து வாசலைத் தாண்டினார். நான் அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொண்டுபோய்ப் பொடியின் முன்னால் வைத்தேன். பொடி சட்டியைப் பார்த்தது. அத்தையைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அக்னி நட்சத்திர வெயில். மறுநாள் மதியத்துக்குள் பொடியின் நாக்கு முழுவதும் வெளியே தொங்கியது. எச்சில் நூலாக வடிந்தது. சட்டியை இன்னும் கிட்டே தள்ளி வைத்தேன். பொடி பின்னால் நகர்ந்தது. கயிறு இழுபட்டு நின்று முனகியது. அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"தண்ணியப் பாத்து ஒதுங்குது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அந்த வார்த்தை எப்படித்தான் அவ்வளவு வேகமாகப் பரவியதோ. வெறிநாய்க்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். சுற்றி நின்று சட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்தார்கள். இத்தனை பேர் பார்த்தால் பொடி எப்படிக் குடிக்கும்? "யாரும் பாக்கலன்னா குடிக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். ஒரு பெண் என் கன்னத்தைத் தடவிவிட்டு உச்சுக்கொட்டினாள். இன்னொருவர், பாக்காம எப்டி தெரியும் பாப்பா குடிச்சிச்சின்னு, என்று சிரித்தார்.

அதற்கும் அடுத்த நாள் காலையில் ஆடு பறிகொடுத்தவர் இன்னும் சில ஆண்களோடு வந்தார். ஒருவர் கையில் சுருக்குப் போட்ட கயிறு. பொடிக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் ஆட்கள் வருகிறார்களே என்று வாலை மட்டும் மண்ணில் தட்டியது.

"இன்னா அண்ணாத்த, இன்னும் பாத்துகினு கீற? எச்சி ஊத்துது, தண்ணி எறங்கல. கயித்த அறுத்துகினு தெருவுல பூந்துச்சின்னா யாரு வூட்டுப் புள்ள மாட்டும்னு சொல்ல முடியுமா?" என்றார் ஆட்டுக்காரர் அப்பாவிடம். அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்பா அத்தையைப் பார்த்தார். அந்த மூன்று நாளில் அப்போதுதான் பார்த்தார். அவள் கண்கள் சட்டியிலேயே இருந்தன. அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, சுவரில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தார். வேறு யார் அடிப்பதையும்விடத் தானே அடித்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. என்னை உள்ளே இழுத்துப் போகும்படி அம்மாவுக்குக் கண் காட்டினார்.

அம்மாவின் பிடியை உதறிவிட்டு ஓடினேன். பொடியிடம் போகவில்லை, அத்தையிடம் போனேன். அவள் நாற்காலியின் கையைப் பிடித்து உலுக்கினேன். பெரியவர்களிடம் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை.

"நீதான் பாத்துகினே கீறியே அத்தே! நீ பாத்துகினே இருந்தா அது எப்டி குடிக்கும்? உள்ள போ! நீ எழுந்து உள்ள போ அத்தே!"

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சுருக்குக் கயிற்றுக்காரர் இரண்டடி முன்னால் வந்திருந்தார்.

"கை வெக்காத" என்றாள் அத்தை.

"அக்கா, ஒம் புள்ளையதான் கட்ச்சிது."

"எம் புள்ளையத்தான். அதாலதான் சொல்றேன். இத அடிச்சிப் போட்டுட்டு நீ வூட்டுக்குப் போய்டுவ. நாளைக்கு எம் புள்ளைக்கு வருமா வராதான்னு நான் யாரப் போயி கேப்பேன்? நாயி நல்லா இருந்துச்சின்னா பயமில்லன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அது நல்லா இருக்கணும். போங்க எல்லாரும். தம்பி, நீயும் போடா. ஒருத்தரும் இங்க நிக்கக் கூடாது."

அப்பா துடுப்பைக் கீழே வைத்தார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே தெருமுனைக்குப் போனார்கள். அத்தை சட்டியைப் பொடியின் வாய்க்குக் கிட்டே தள்ளி வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து அவள் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. பையன் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான், காலில் கட்டோடு. நாங்கள் இருவரும் கதவை ஒட்டி நின்றோம். அத்தை என் தோளை விடவில்லை. அவள் நகம் சட்டைக்கு மேலேயே குத்தியது. வெளியே கடல் சத்தம் கேட்டது. ஒரு காகம் கத்தியது. எங்கோ மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வேறு ஒன்றும் இல்லை. கதவிடுக்கில் கண்ணை வைக்கப் போன அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். "பாக்காத" என்றேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பொடி குடிக்காமல் போய்விடுமோ என்று எனக்கே முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ?

அப்போது சட்டி மண்ணில் உராயும் சத்தம். அதன்பின் சளக். கொஞ்சம் இடைவெளி. சளக், சளக், சளக். நிற்காமல், மூச்சு வாங்கி வாங்கிக் குடித்தது. காலிச் சட்டியை நாக்கு நக்குகிற கரகர சத்தமும் கேட்டது.

அத்தை சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் அத்தனை நேரம் உட்கார்ந்த மயக்கம் என்று நினைத்து நான் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவளும் அதை ஒரே மடக்கில் குடித்தாள்.

அன்றிலிருந்து பொடிக்குச் சாப்பாடு அத்தை கையால்தான். பாரை மீன் தலை போட்டுக் கஞ்சி. வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். காதை மட்டும் கதவில் வைத்திருப்பாள். மகனுக்கு நடந்த உபசாரத்தையோ சொல்லவே வேண்டாம். அவன் கேட்டதெல்லாம் கிடைத்தது. தினமும் பால் ஐஸ். தினமும் பஜ்ஜி. மாமாவின் ஆட்டோவில் மாமல்லபுரம் போய் ஒரு பொம்மைத் துப்பாக்கி. என் ஸ்லேட்டை அவன் உடைத்தபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் தலையைத் தடவியபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடித்ததுதான் கடித்தது, என்னைக் கடித்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாகிவிட்டது.

பத்து நாள் கெடு முடிந்த காலையில் அத்தையே வந்து பொடியின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். பொடி உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுக் கடற்கரைக்குப் பாய்ந்தது. பின்னாலேயே அத்தை மகன் வந்து, ஐஸ் வண்டி வந்திருக்கிறது, ஐஸ் வேண்டும் என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். அத்தை திரும்பி அவன் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள்.

"தெனம் ஐசு கேக்குதா ஒனக்கு? கம்னாட்டி! போய்ப் பல்லு வெளக்குடா!"

அவன் வீறிட்டு அழுதான். அத்தை இடுப்பில் கை வைத்து நின்று அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த என் அம்மாவும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். நாய் மேல் குற்றமில்லை, ஓடியவன் மேல்தான் குற்றம் என்று அத்தைக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது, அதற்குத்தான் அந்த அடி என்று நினைத்தேன். இந்த நியாயத்தைப் பத்து நாள் முன்னாலேயே செய்திருக்கலாமே என்று சொல்லிக்கொண்டே, பொடியைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன்.