பெர்னிஸ் எழுத மறுத்த இரண்டாவது குறிப்பு

கீத்லி நகரத்து முதியோர் நலப் பிரிவில் இருபத்தாறு வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கும் பெர்னிஸ் டார்டாஃபுக்கு எழுத வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. யார் வீட்டுப் படிக்கட்டு வழுக்கும், யார் மகன் எட்டிப் பார்ப்பதில்லை, யார் தன் மாத்திரையை நாய்க்குப் போடுகிறார் என்று ஊரில் பாதியை எழுதி வைத்திருக்கிறாள். தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் மட்டும் அவளுக்குக் கை ஓடாது.

அரசாங்கமோ வருடம் தவறாமல் அதைத்தான் கேட்டது. இந்த வருடம் என்ன கற்றீர்கள், அதனால் உங்கள் வேலையில் என்ன மாறியது என்று இரண்டு குறிப்பு எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒன்றையாவது சக ஊழியரோடு பேசிப் பார்த்து எழுத வேண்டும். ஏற்றாவிட்டால் பணியாளர் பதிவு புதுப்பிக்கப்படாது. கடைசி நாள் நவம்பர் முப்பது, மாலை ஐந்து மணி வரை. ஜனவரியிலேயே எழுதிவிடலாம்தான். அப்படி எழுதிய ஒருவரையும் பெர்னிஸ் இதுவரை பார்த்ததில்லை.

முதல் குறிப்பை ஏதோ ஒரு பயிற்சி வகுப்பை வைத்து ஒப்பேற்றிவிட்டாள். வகுப்பில் நினைவிருந்தது சாண்ட்விச் மட்டும்தான் என்றாலும் நான்கு பத்தி தேறிவிட்டது. இரண்டாவது குறிப்பு ஆர்னால்ட் ஓல்ராய்டைப் பற்றியது. அதுதான் நகர மறுத்தது.

ஆர்னால்டுக்கு எண்பத்து மூன்று வயது. தனிக்கட்டை. ஏப்ரலில் தொடங்கி மூன்று முறை பெர்னிஸ் அவர் வீட்டுக்குப் போனாள். மூன்று முறையும் அவர் கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வாசலை அடைத்து நின்று, "நான் நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றார். 'உதவி வேண்டாம் என்றார். சமாளிக்கிறார்' என்று எழுதிவிட்டு அவளும் வந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்தாலும் அந்தப் பக்கத்து ஆட்கள் 'நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் சொல்வார்கள். பெர்னிஸின் அம்மாவும் சொன்னாள், பெர்னிஸும் சொல்வாள். அக்டோபரில் சமையலறைத் தரையில் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் கிடந்த ஆர்னால்ட், தூக்க வந்த ஆம்புலன்ஸ்காரர்களிடம் படுத்தபடியே அதையே சொன்னாராம்.

இப்போது அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. நாளைக் காலை கூட்டம். வீட்டுக்கே அனுப்பச் சொல்லி வாதாடுவதாகப் பெர்னிஸ் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். வாதாடுவதற்கு அவள் பெயர் பதிவில் இருக்க வேண்டும். இன்று தேதி முப்பது, மணி மூன்று.

பத்தொன்பது வருடமாக எதிர் மேசையில் உட்காரும் க்ளைவ் ஹெப்வொர்த், அவள் எழுதியதை வாங்கி உரக்கப் படித்தான்.

"'பெ.டா. என்பவர், வயது 58, ஒரு முதியவர் விஷயத்தில் சிலவற்றைக் கற்றதாகத் தெரிவிக்கிறார்.' யாரு இந்தப் பெ.டா.? ஒரு நடை வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரணுமா?"

"அடையாளம் தெரியக் கூடாதுன்னு எழுதினேன்."

"அந்தப் பெரியவரோட அடையாளம்தான் தெரியக் கூடாது. உன்னோடது தெரியலாம். உன் பேர்லதானே ஏத்தப் போறே."

"சும்மா தொணதொணக்காதே, க்ளைவ்."

"சரி, கூட உக்காந்து எழுதட்டுமா?"

"வேண்டாம்ப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

க்ளைவ் ஒரு மஞ்சள் தாளை இழுத்து இரண்டு வரி எழுதி அவள் பக்கம் தள்ளினான். 'உதவி வேண்டுமா என்று பெ.டா.விடம் கேட்கப்பட்டது. வேண்டாம் என்றார். சமாளிக்கிறார்.'

பெர்னிஸுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவளுடைய சொந்த வாக்கியங்கள் அவை.

"மூணு தடவை போனேன், க்ளைவ். மூணு தடவையும் இதைத்தான் எழுதிட்டு வந்தேன். ஒரு தடவைகூட அவர் அடுப்படிய எட்டிப் பாக்கலையே."

கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் கைக்குட்டை தேடினாள். க்ளைவ் இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினான். அந்த அலுவலகத்தில் எந்தத் துக்கத்துக்கும் முதலுதவி அதுதான்.

"நல்லாருக்கேன்னு அவர் சொன்னப்போ நீ என்ன பண்ணிருக்கணும்?"

"அடுத்த கேள்வியக் கேட்டிருக்கணும். அவர் என் அம்மா மாதிரியே பேசினாரு. பழகின பதில்தானேன்னு விட்டுட்டேன்."

"அதை எழுது. இப்ப சொன்ன மாதிரியே எழுது."

பெ.டா.வை அழித்துவிட்டு 'நான்' என்று தட்டினாள். அதற்கே கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. அதன் பிறகு அவ்வளவாகக் கஷ்டப்படவில்லை. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குறிப்பு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கூட்டத்தில் ஆர்னால்ட் சக்கர நாற்காலியில், பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போனா சமாளிச்சுக்குவீங்களா?" என்று டாக்டர் அம்மாள் கேட்டார்.

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். பெர்னிஸின் பேனா மேசைமேலேயே கிடந்தது.

"சரி. வீட்ல டீ யாரு போடுவா?" என்றாள்.

"வேற யாரு, நான்தான்."

"கெட்டிலை எந்தக் கையால தூக்குவீங்க?"

ஆர்னால்ட் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தூக்குறதில்லம்மா," என்றார். "மார்ச்லேர்ந்து குழாய்த் தண்ணிதான் குடிக்கிறேன்."

மார்ச். அவள் முதல் முறை அவர் கதவைத் தட்டுவதற்கும் ஒரு மாதம் முன்னால். பெர்னிஸ் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"காலைல ஒரு ஆள், சாயங்காலம் ஒரு ஆள் வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடுத்தா, வேண்டாம்னு சொல்வீங்களா?"

டாக்டர் இல்லத்துக்கான படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெரியவர் முகத்தையே பார்த்தார். ஆர்னால்ட் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"ரெண்டு சர்க்கரை போடணும்," என்றார்.

பெர்னிஸ் பேனாவை எடுத்து, அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.