பூஜைக்கு வைத்த அட்டைப்பெட்டி

திருவனந்தபுரம் வலியசாலையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வத்ஸலா, 2002-ல் தானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தாள். உள்ளே வைக்கப் பழைய பாகங்கள் கிடைத்தன, வெளிப்பெட்டி கிடைக்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, அடியில் பலகைத் துண்டு வைத்து, ஃபேனுக்கு வட்டமாக வெட்டி, மைதாப் பசையால் ஒட்டினாள். தலையணை மாதிரி லேசாக இருக்கிறது என்று மாமியாரிடம் தூக்கிக் காட்டினாளாம், அசடு.

அந்தப் புரட்டாசியில் சென்னைக் கம்பெனி ஒன்று, வேலை தருவதற்கு முன்னால் ஒரு புரோகிராம் எழுதி அனுப்பச் சொன்னது. நவமிதான் கடைசி நாள். அஷ்டமி சாயங்காலம் எழுதி முடித்துவிட்டுக் கோவிலுக்குப் போனாள். திரும்பி வந்தால் மேஜை காலி. புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் மாமியார் பூஜைக்கு வைத்துவிட்டாள், சந்தனம் குங்குமத்தோடு.

"அம்மா, நாளைக்கு அனுப்பியாகணுமே."

"சரஸ்வதி முன்னாடி வெச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் தொடப்படாது."

இரும்புப் பெட்டியாக இருந்திருந்தால் அந்த அம்மாளால் அசைத்திருக்கவே முடியாது.

விஜயதசமி காலையில் பெட்டி மேஜைக்குத் திரும்பியது. "வித்யாரம்பம், முதல்லே ஹரிஸ்ரீ எழுது, எல்லாம் நன்னா வரும்" என்றாளாம் மாமியார். அக்கா அதையும் எழுதினாள்.

இதை அவள் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். "அட்டைதானே! கிழிச்சு ஹார்ட் டிஸ்கை உருவ எத்தனை நேரமாகும்?"

"ரெண்டு நிமிஷம். பூஜை அறையிலே யாருமே இல்லைடி. பிளேடோட ரெண்டு தரம் போனேன்," என்றாள். "ரெண்டு தரமும் நமஸ்காரம் பண்ணிட்டுத் திரும்பிட்டேன்."