சிவப்பு விளக்கில் அவர் கண்டுகொண்டது

பேராசிரியர் ஆரோக்கியமேரி இறந்த செய்தியை அவருடைய தம்பிதான் எனக்குச் சொன்னார். முதுநகரில் என் புகைப்பட ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, "மாமா, அக்கா போயிட்டாங்க" என்றார். மாரடைப்பாம். நான் போனை வைத்துவிட்டேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருந்தது. அதைத் தீர்க்காமல் அவர் போனது நியாயமில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

சிதம்பரத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், பார்வை கொடுத்த தெய்வம் என்று அவரைப் புகழ்ந்தார்கள். இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன், அவர் யாருக்கும் பார்வை கொடுக்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவரே எழுந்து மறுத்திருப்பார். அவர் ஆராய்ந்தது மீனின் விழித்திரையை. கண்ணின் பின்பக்கத்தில், வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் மெல்லிய படலம் அது. காயம் பட்டால் மீனுக்கு அது மறுபடி வளர்கிறது, மனிதனுக்கு வளர்வதில்லை. ஏன் என்று கேட்பதிலேயே அவருடைய வேலைக்காலம் முழுவதும் போயிற்று.

2004இல் அந்தக் கேள்விதான் அவரை என்னிடம் கொண்டுவந்தது. உப்பனாற்றில் பிடிக்கும் மடவை மீன் சிதம்பரத்தில் அவருடைய ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். கண்ணைப் பிரித்தெடுக்க இருட்டறை வேண்டும், சிவப்பு விளக்கு மட்டுமே எரியலாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்படியொரு அறை என்னிடம் இருந்தது. மீன் நாற்றம் ஆகாது என்று மறுத்தேன். "வேலை முடிஞ்சதும் நானே கழுவி விட்டுட்டுப் போறேன் மாமா" என்றார். கடைசிவரை கழுவித்தான் விட்டார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், புத்தகம் பார்த்துப் புகைப்படத் தொழிலைக் கற்றவன். நான் கேட்ட எந்தக் கேள்வியையும் அவர் சிறிதாக நினைத்ததில்லை.

ஒருநாள் இருவரும் அந்த அறையில் வேலையாக இருந்தோம். படம் கழுவும் தட்டைத் தேடி நான் மேசையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"தட்டு உங்க கைக்குப் பக்கத்துலயே இருக்கு. தெரியலையா?"

"இருட்டறையில யாருக்கும்மா தெரியும்? எல்லாம் கைப்பழக்கந்தான்."

"எனக்குத் தெரியுதே மாமா."

இருட்டறையில் எல்லோரும் தடவித்தான் வேலை செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். என் பார்வை ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டு வந்தது அந்தத் தொழிலில் எனக்குத் தெரியாமலே போயிற்று. அவர் வற்புறுத்தி அனுப்பிய கண் மருத்துவர்தான் அதைச் சொன்னார். விழித்திரை கெட்டுக்கொண்டே போகும், மருந்து கிடையாது.

இத்தனை மீனின் கண்ணைப் பிரித்துப் பார்த்தவர் என் கண்ணுக்கு ஒரு வழி சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "இல்ல மாமா. என் காலத்துல வருமான்னும் தெரியாது" என்றார். பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கோபம் அதுதான்.

பிறகு மஞ்சக்குப்பத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் முகாம் போட்டார். கண்ணுக்குள் ஊசி போட்டால் விழித்திரை வளரும் என்றார். நான் கிளம்பத் தயாரானதை என் மனைவி போனில் சொல்லிவிட்டாள். ஆரோக்கியமேரி முதல் பஸ்ஸில் வந்து, படம் எடுக்க உட்கார வைக்கும் முக்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"படிச்ச திமிர் உங்களுக்கு" என்றேன்.

"இருக்கட்டும் மாமா. நடுவுல தெரியற கொஞ்சத்தையும் அவுங்க கெடுத்துடுவாங்க. அப்புறம் அதுக்குப் பதிலா நான் எதைக் கொண்டாந்து குடுப்பேன்?"

முகாம் கலையும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். அங்கே ஊசி போட்டுக்கொண்ட கீரப்பாளையத்துக்காரர் ஒருவரை இப்போது கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போகிறார்கள்.

அதன்பின் வெகுநாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் மீனோடு வருவதை நிறுத்தவில்லை. வெளிச்சம் புகுந்தால் படம் கெட்டுவிடும் என்பதால், இருட்டறைக் கதவைத் தட்டி, உள்ளிருப்பவர் குரல் கொடுத்த பிறகே திறக்க வேண்டும். நான் உள்ளே இருந்தால் அவரும் தட்டிவிட்டு நிற்பார். நான் "வாங்க" என்பேன். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் பழக்கம் ஓடியது.

பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் நடுவில் ஒரு சின்ன வட்டம் எனக்கு இன்னும் தெரிகிறது. இதை அதன் வழியாகத்தான், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுகிறேன். அந்த வட்டம் அவர் கொடுத்ததல்ல, என்னுடையதுதான். அதை யாரும் தொட்டுவிடாதபடி வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவர்.