பந்திக்கு முந்தப் போன ஹாய்ட்

ஹாய்ட் லெட்பெட்டர் முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட வண்டி நேரம் தவறியதில்லை. மழை கொட்டட்டும், ஓடை பொங்கிப் பாலத்தைத் தொடட்டும், காலை ஆறு நாற்பதுக்கு முதல் பிள்ளையின் வாசலில் அவர் ஹாரன் கேட்கும். எங்கள் கென்டக்கி ஊரில் நடுவயதுக்காரர்களில் பாதிப் பேர் அந்த ஹாரனுக்குப் பயந்து பல் துலக்கியவர்கள்தான். பாப்டிஸ்ட் சபையில் நாற்பது வருடமாக டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. ஊரில் யாருக்கு எது ஒன்றென்றாலும் போய் நிற்பார். தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்க மட்டும் அவருக்கு வாய் வராது.

நேரத்தில் புலியான இந்த மனிதர் தோற்றுப்போகிற இடம் ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை மதியம், சத்திரத்துப் பந்தி.

கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற அந்தக் கல் சத்திரம் குதிரை வண்டிக் காலத்தில் கட்டியது. இருநூறு வருடப் புகையில் உத்தரமெல்லாம் கறுத்துப்போயிருக்கும். உயரமானவர்கள் குனிந்துதான் நுழையவேண்டும். வறுத்த கோழி, உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடை, எலும்போடு வெந்த கீரை எல்லாம் வாரம் முழுக்கக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்பூன்பிரெட். சோள மாவைப் பாலில் கிண்டி, முட்டையை அடித்து ஊற்றி, சட்டியோடு அடுப்பில் வைத்துப் பொங்க வேகவைத்து, கரண்டியால் அள்ளித் தின்பது. பழைய அடுப்பு இருபது சட்டிதான் கொள்ளும். இருபத்தோராவது சட்டி என்ற பேச்சே கிடையாது.

மெதடிஸ்ட் சபையில் ஆராதனை பன்னிரண்டுக்குக் கால் மணி முன்பே முடிந்துவிடும். பாப்டிஸ்ட் சபையில் எப்போது முடியும் என்பது ஆண்டவருக்கே தெரியாது. பந்திக்கு முந்து என்று மெதடிஸ்டுகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தீவனக்கடை வெண்டல் கிரைம்ஸ் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்துகொண்டு, வேர்த்து விறுவிறுத்து வரும் ஹாய்டைப் பார்த்துக் கரண்டியை ஆட்டுவார்.

"வாப்பா டீக்கன்! உங்க பாஸ்டர் இப்பத்தான் மோசேயச் செங்கடல்லேருந்து கரையேத்தினாரா?"

இருபது வருடமாக இதே கேலி. ஹாய்ட் சிரித்துக்கொண்டே காலிச் சட்டியைத் தாண்டிப் போவார். ஆனால் இந்த ஏப்ரலில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவி நடீனுக்கு நவம்பரில் வயிற்றில் ஆபரேஷன் ஆனது. நோய் போய்விட்டது என்றார்கள். கூடவே பசியும் போய்விட்டது. காலையில் இரண்டு கரண்டி சூப், மாலையில் இரண்டு கரண்டி. சபைப் பெண்கள் சமைத்து அனுப்பியதெல்லாம் பிரிட்ஜில் அடுக்கடுக்காக இருந்தது. ஆளே பாதியாகிவிட்டாள். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், அப்புறம் குழாய் வைத்துத்தான் உள்ளே அனுப்பவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது விசாரித்தால் ஹாய்ட், "நல்லா இருக்கா" என்பார். வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் நடீன் ஜன்னலைப் பார்த்தபடி, "சத்திரத்து ஸ்பூன்பிரெட் கெடச்சா ஒரு வாய் தின்னலாம்போல இருக்கு" என்றாள்.

ஐந்து மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஆசை அது.

சபைக்குப் போகாமல் நேரே சத்திரத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஹாய்டும் அதைத்தான் சொன்னார். "ஒரு சட்டி சோளத்துக்காக ஆண்டவர ஏமாத்துவியா?" என்று நடீன் ஒரே அடியாக மறுத்துவிட்டாள். போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லலாமென்றால், சத்திரத்தை நடத்துகிற ஜெனீவா கட்டின புருஷனுக்கே எடுத்து வைக்காதவள்.

ஆக, ஞாயிறு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். பிரசங்கம் முடிந்து அழைப்புப் பாட்டு தொடங்கியது. பாஸ்டர் டாசன் இளவட்டம், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த ஆறு மாதத்தில் அந்தப் பாட்டுக்கு ஒரு ஆத்துமாகூட எழுந்து முன்னால் வந்ததில்லை. பாவம், ஒவ்வொரு வாரமும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். யாரும் வரவில்லையென்றால் பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஹாய்ட் கணக்குப் போட்டார். பிரசங்க மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு. அதைத் திறந்தால் கார் நிற்கிற இடம். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த நடீனிடம், "நீ ஒங்க அக்கா கார்ல மெதுவா வா. நான் போய் எடம் பிடிக்கறேன்" என்று கிசுகிசுத்தார்.

"பாட்டு முடியட்டும், ஹாய்ட்."

ஹாய்ட் எழுந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, நடுப்பாதையில் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். எங்கள் சபையில் அந்தப் பாட்டின்போது ஒருவர் முன்னால் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வாழ்க்கையை ஆண்டவரிடம் ஒப்படைத்து இரட்சிக்கப்பட வருகிறார். நாற்பது வருட டீக்கனுக்கு அது தெரியாதா? சோள வாசனை எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது.

கதவுக்கு நான்கடி இருக்கும்போது பாஸ்டர் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான்.

"பிரதர் ஹாய்ட்! எத்தன நாளா இந்த பாரத்த மனசுக்குள்ள சுமந்துட்டு இருந்தீங்க? சொல்லுங்க பிரதர், என்ன பாரம்?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. ஸ்பூன்பிரெட் என்று சொல்லமுடியுமா? தேவாலயத்தில் நின்று பொய்தான் சொல்லமுடியுமா? ஹாய்ட் வாயைத் திறந்தார். அவரே எதிர்பார்க்காத உண்மை வெளியே வந்தது.

"நடீன் சாப்பிட மாட்டேங்கறா, பாஸ்டர். எனக்கு பயமா இருக்கு."

சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளைபோல அழுதார். அவ்வளவுதான், மொத்தச் சபையும் எழுந்து முன்னால் வந்துவிட்டது. அவர் பஸ்ஸில் அடிதடி செய்தவன், டிபன் டப்பாவில் தவளை கொண்டுவந்தவள், எல்லாரும் வந்து அவர் தோளில் கை வைத்து ஜெபித்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனிதருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முழுசாக இருபத்தைந்து நிமிடம் ஆனது. பாஸ்டர் அவர் கையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்; அந்தக் கையில் கார் சாவி ஆடிக்கொண்டிருந்ததை நடீன் ஒருத்திதான் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

சத்திரத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

"அடடா, செல்லம், கடைசிச் சட்டி இப்பத்தான் போச்சு" என்று ஜெனீவா ஜன்னலோரம் கை காட்டினாள்.

வெண்டல் தன் இரண்டாவது சட்டிக்கு அப்போதுதான் கரண்டியை எடுத்திருந்தார். "வாப்பா டீக்கன்!" என்று தொடங்கினார். ஹாய்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்க இப்போதும் வாய் வரவில்லை.

நடீன் தடியை ஊன்றிக்கொண்டு நேரே அந்த மேசைக்குப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெண்டல், அத இப்பிடித் தள்ளு."

"மிஸ் நடீன், இது..."

"இந்தச் சட்டிக்காக எம்புருஷன் இன்னிக்கு ரெண்டாந்தடவ இரட்சிக்கப்பட்டிருக்காரு. கையில கார் சாவியோட! தள்ளு."

அவள் சாவிக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மெதடிஸ்டுகள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். வெண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டியை அவள் பக்கம் தள்ளி, புதுக் கரண்டி ஒன்றும் எடுத்துக்கொடுத்தார்.

நடீன் ஒரு வாய் எடுத்தாள். விழுங்கினாள். இன்னொரு வாய். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஜெனீவா! இன்னிக்கு அடுப்புல யாரு? உப்பே இல்ல. அடி வேற பிடிச்சிருக்கு."

ஜெனீவாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஹாய்ட் தொப்பியை மேசைமேல் வைத்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணமான நாற்பத்துநான்கு வருடத்தில், பிறத்தியார் சமைத்ததை நடீன் குறை சொல்லாமல் தின்றதே கிடையாது. இந்த ஐந்து மாதமாகத்தான் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். அவள் மெலிந்ததைவிட அந்த நல்ல வார்த்தைதான் அவரை ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

"இன்னும் என்ன கொறை? சொல்லு" என்றார் ஹாய்ட்.

"வெண்ணெய் பத்தல" என்றாள் நடீன், மூன்றாவது கரண்டியை அள்ளிக்கொண்டே.