தெய்வம்மாவின் கையெழுத்து

நீலகிரியில் எமரால்டு ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தெய்வம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கணவன் செத்த பிறகு அது இன்னும் நீண்டுவிட்டதாக, கணவனின் அண்ணன் முத்துவேல் சொல்லிக்கொண்டு திரிவார். நீளாமல் என்ன செய்யும்? வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏறி மிதித்திருப்பார்கள்.

கவாத்து வெட்டிய செடியின் குச்சி ஒன்று அவள் கெண்டைக்காலில் குத்தியது. மறுநாள் கால் சிவந்து எரிந்தது. "அக்கிதான்" என்று தீர்ப்புச் சொல்லி, முத்துவேல் ஆள் கூட்டிவந்து காலெல்லாம் காவி பூச வைத்தார். காவியில் தண்ணீர் படக்கூடாதாம். இரண்டு நாள் வலி உயிரை வாங்கியது. காவிக்கு அடியில் சிவப்பு எவ்வளவு தூரம் ஏறியது என்று யார் கண்டது? மூன்றாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வரவே, ஆம்புலன்ஸுக்குத் தானே போன் போட்டாள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸிந்தா ஈரப் பஞ்சால் காவியைத் துடைத்தார். சிவப்பு முழங்காலைத் தாண்டியிருந்தது. நடுவில் தோல் கறுத்துப்போயிருந்தது.

"இது அக்கி இல்லம்மா. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி, சதையை அழிச்சுட்டே மேல ஏறுது. உடனே ஆபரேஷன் பண்ணி அழுகினதை எடுக்கணும், ஆன்டிபயாடிக் ஏத்தணும். கிருமி விடற விஷத்தை அடக்க இம்யூனோகுளோபுலினும் சேத்துக் குடுக்கலாம். ஆயிரக்கணக்கானவங்க குடுத்த ரத்தத்துல இருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தி அது. கட்டாயம் பலிக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க பிரஷர் இறங்கிட்டே போகுது."

ஆம்புலன்ஸ் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த முத்துவேல் குறுக்கே விழுந்தார். "ஆபரேஷன் பண்ணுங்க டாக்டர். அந்த ரத்த மருந்து மட்டும் வேண்டாம். எந்தெந்தச் சாதிக்காரன் ரத்தமோ. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தெய்வம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களை யாரு கேட்டா மாமா? சாகக் கெடக்கறது நானு. பேப்பரை இங்க குடுங்க டாக்டரம்மா."

படுத்தபடியே எழுதியதில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. முழுப் பெயரையும் எழுதி முடித்துத்தான் பேனாவை விட்டாள்.

மூன்று ஆபரேஷன் ஆயிற்று. அந்த மருந்தும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எது காப்பாற்றியது என்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கெண்டைச் சதையில் பாதி போயிற்று. காலும் உயிரும் மிஞ்சின.

இரண்டு மாதம் கழித்து, எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் தீர்த்தக்குடம் எடுக்க வந்து நின்றாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, முத்துவேல் கையை நீட்டித் தடுத்தார். "உடம்புல கண்டவன் ரத்தத்தை ஏத்திக்கிட்டு வந்திருக்க. நீ குடத்தைத் தொடாத."

தெய்வம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆயிரம் பேரு மாமா. பேர் தெரியாது, ஊர் தெரியாது. அத்தனை பேரும் சேந்துதான் என்னைய இங்க நிக்க வெச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் அதுல இல்ல."