காவியாவின் அம்மாவைத் தேடி விஸ்வநத்தம் வரை

காலை 5.20. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் கோவில்பட்டி பஸ்ஸின் பலகையைப் படித்து ஏறினேன். இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் யாரிடமும் விசாரிக்காமல் பலகையைப் படித்து பஸ் ஏறிய முதல் ஆள் நான்தான். அம்மாவும் அப்பாவும் உப்பளத் தொழிலாளர்கள். நான் எம்.பி.பி.எஸ். முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, மதுரை டாக்டர்கள் சிலரோடு சேர்ந்து ஏதாவது ஒரு அரசுப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன். சம்பளம் கிடையாது. மதியம் பள்ளிச் சத்துணவில் எங்களுக்கும் ஒரு தட்டு உண்டு. சிவகாசிப் பக்கம் போவது இதுவே முதல் தடவை.

கோவில்பட்டிக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், 52 ரூபாய். அங்கிருந்து சாத்தூர் வழியாக சிவகாசிக்கு 38 ரூபாய். சாத்தூர் தாண்டியதும் கரிசல் காடு. அதில் தள்ளித் தள்ளி, ஒன்றையொன்று தொடாத, பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டடங்கள், நடுவில் வேப்ப மரங்கள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக இந்த இடைவெளி. பக்கத்து இருக்கையில் இருந்தவர் திருத்தங்கல் அச்சகத்தில் வேலை செய்பவர். மடியில் ஒரு காலண்டர் கட்டு.

"அடுத்த வருசத்துக் காலண்டரா?" என்றேன். ஆகஸ்ட் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஆமாம்மா. எங்களுக்கு இந்த வருசம் போன தீபாவளியோடயே முடிஞ்சு போச்சு" என்றார்.

காலை 8.40. சிவகாசி நிலையத்திலிருந்து ஆட்டோ. விஸ்வநத்தம் சாலையில் உள்ள பள்ளிக்கு 120 ரூபாய் கேட்டார் ஓட்டுநர் கனகராஜ்.

"மெடிக்கல் கேம்ப்பா? எம் முதுகையும் செத்த பாப்பீகளா?"

"பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அண்ணாச்சி. நீங்க எத்தனாவது?"

"மூணாப்போட நின்னாச்சு."

"அப்ப நாலாப்புல சேந்துட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே இருபது ரூபாயைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலம் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று தன் எண்ணையும் கொடுத்தார்.

காலை 9.30. பள்ளியில் இரண்டு வகுப்பறைகளைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். பற்கள், கண், காது, இரத்தசோகை என்று வரிசை நகர்ந்தது. எங்கள் குழுவுக்குத் தலைவி ஹேமா மேடம், மதுரையில் குழந்தைகள் இதய மருத்துவர். சின்னப் பெட்டி அளவில் ஒரு எக்கோ கருவி வைத்திருந்தார். மதியம் ஒன்றரைக்கு அதோடு சூலக்கரைப் பக்கம் இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே சந்தேகப்பட்ட பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

11.10. ஏழாம் வகுப்பு காவியா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"டாக்டர், அவளுக்கு உக்காரு ராணின்னு பேரு. கோ-கோவுல ரெண்டு ஓட்டம் ஓடுனா உக்காந்துருவா."

"போலே. நீ மட்டும் ஓடிக் கிழிச்ச" என்றாள் காவியா.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இதயத்தின் இரண்டாவது ஒலி இரண்டாகப் பிளந்து கேட்டது. மூச்சை இழுக்கச் சொன்னேன், விடச் சொன்னேன். பிளவு அப்படியே இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை இருந்தால்தான் இப்படிக் கேட்கும். மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "நல்ல காதுடி உனக்கு. எக்கோ பாத்துரலாம். இதை இப்படியே விட்டா பின்னால நுரையீரல் கெட்டுப்போகும்" என்றார்.

ஆனால் தலைமையாசிரியை மறுத்தார். வயதுக்கு வரும் பெண் பிள்ளை. சட்டையைக் கழற்றி நெஞ்சில் பார்க்கும் பரிசோதனைக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் சொன்னது நியாயம். காவியாவின் அப்பா பட்டாசு லோடு ஏற்றிய லாரியோடு வடக்கே போயிருந்தார். அம்மா மாரியம்மாளுக்கு நான்கு முறை போன் செய்தும் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டாக. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுலயே வாங்கி வச்சிருவாக" என்றாள் காவியா.

நான் கனகராஜைக் கூப்பிட்டேன்.

11.50. ஆலை வாசல். பெரிய மரப் பெட்டியில் புறாக்கூடு மாதிரி அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன். பள்ளிக்குப் போன் செய்து, மாரியம்மாளின் எண்ணை மறுபடி அழைக்கச் சொன்னேன். மூன்றாம் வரிசையில் ஒரு போன் ஒளிர்ந்து அதிர்ந்தது. அதைக் கேட்பார் யாருமில்லை.

உள்ளே போகக் காலடி எடுத்து வைத்த என்னைக் காவலாளி கையால் தடுத்தார். "சுடிதார் நைலானா? நில்லுங்க. டாக்டரா இருந்தாலும் நைலான் உள்ள போகாது. பொறி பறக்கும்." இத்தனை படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. வெளியே நின்றேன். அவர் ஆள் அனுப்பினார்.

மாரியம்மாள் வெறுங்காலோடு வந்தார். பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கும் வேலை. இங்கே வெடிமருந்தை வெறும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். முழங்கை வரை வெள்ளியாக மின்னியது. என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நான்கு அடி தள்ளியே நின்றுவிட்டார்.

"பக்கத்துல வராதீக. மேலெல்லாம் மருந்து."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. "மூச்சு வாங்குறது எனக்குத் தெரியும்மா. ரெண்டு வருசமாத் தெரியும்."

"பிறகு ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகல?"

"கூட்டிப்போனா அம்மாவுக்கு என்ன வேலைன்னு கேப்பாக. இந்த வேலைன்னு சொன்னா, நீ கொண்டுவந்த தூசிதான் பிள்ளை நெஞ்சுல போயிருக்குன்னு சொல்லிருவாக. வேலைய விட்டுட்டு நான் எங்கன போக? அதான் குளிக்காம அவளைத் தொடுறதில்ல. அவளுக்குத் தனிப் பாய், தனிப் போர்வை. அவ அழுதாலும் பக்கத்துல படுக்க விடுறதில்ல."

"இது தூசியால வர்றது இல்லம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. குளித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். கனகராஜ் மணிக்கட்டைக் காட்டினார். பன்னிரண்டு பத்து. "நேரம் இருக்கு, குளிச்சிட்டு வாங்க" என்றேன். தொட்டித் தண்ணீரை அவர் இரண்டு முறை சோப்புப் போட்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் வாசல் வரை கேட்டது. தலை துவட்டாமலே ஆட்டோவில் ஏறினார். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது 12.50.

ஆசிரியர் அறை ஜன்னலை இந்திய வரைபடத்தால் மறைத்து, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மாரியம்மாள் தலைமாட்டில் நின்றார். மேடம் திரையை அவர் பக்கம் திருப்பினார். சிவப்பும் நீலமுமாக இரத்தம் ஓடியது. நடுச் சுவரில் ஓரிடத்தில் சிவப்பு அந்தப் பக்கம் பாய்ந்தது.

"இங்க பாருங்க, ஓட்டை. இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. உங்க வயித்துல இருக்கும்போதே இருந்தது" என்றார் மேடம்.

நான் வெற்றி பெற்ற மாதிரி நிமிர்ந்தேன். மாரியம்மாள் இன்னும் சிறுத்துப்போனார்.

"அப்பவும் இதே வேலைக்குத்தானம்மா போனேன். ஏழு மாசம் வரைக்கும் போனேன்."

மேடம் கருவியைக் கீழே வைத்தார்.

"பெரும்பாலும் இது ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி உங்க தலையில கட்ட மாட்டேன். எங்க அக்கா மகனுக்கும் இதே ஓட்டை. எங்க அக்காவுக்கு ஏ.சி. ரூம்ல பேங்க் வேலை. என்னத்தைச் சொல்வீங்க? கம்ப்யூட்டர் தட்டினதால வந்துச்சா?"

"பேங்க்காரம்மா பிள்ளைக்குமா?"

"பேங்க்காரம்மா பிள்ளைக்கும்தான். மூடியாச்சு. இப்ப காலேஜுல பஸ்ஸுக்குப் பின்னால ஓடுறான்."

மாரியம்மாள் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தொடை இரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, நெஞ்சைக் கிழிக்காமலே மூடிவிட முடியும் அளவில்தான் ஓட்டை இருப்பதாகத் தெரிகிறது, அரசுக் காப்பீட்டு அட்டை போதும், வியாழக்கிழமை மதுரைக்கு வாருங்கள் என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். காவியா பெஞ்சில் படுத்தபடியே கேட்டாள்: "அம்மா, இனிமே உன் பாயில படுக்கலாமா?"

"படு. உதைக்காமப் படுக்கணும்" என்றார் மாரியம்மாள்.

1.35-க்கு மேடம் கிளம்பினார். கார் ஏறுமுன் அவரிடம் சொன்னேன்: பிள்ளைகளைப் பள்ளியில் பார்க்கிறோம், அவர்களைப் பற்றிய பாதி விஷயம் ஆலைக்குள் இருக்கிறது. அடுத்த முறை வேலை தொடங்கும் முன் வாசலில் அம்மாக்களையும் சந்திக்க வேண்டும். "நீயே ஏற்பாடு செய்" என்றார். செய்வேன். முதலாளியிடம் பேச எனக்குப் பயம் இல்லை.

மாலை 6.10. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி பஸ். எட்டையபுரம் தாண்டியதும் அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் இருப்பது வெள்ளை உப்பு. சிவகாசியில் பார்த்தது வெள்ளி மருந்து. வேறு வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"ஏட்டி, உன் கண்ணு கெட்டதும் என்னாலதான?" என்றார் அம்மா. ஆறாம் வகுப்பிலிருந்து நான் கண்ணாடி போடுகிறேன். "கைப்பிள்ளையில உன்னை உப்பளத்து வரப்புலதான போட்டிருந்தேன். உப்பு வெள்ளையப் பாத்துப் பாத்துதான் கண்ணு போச்சு."

"இல்லம்மா. எனக்குக் கண்ணுமுழியோட நீளம் கொஞ்சம் கூடுதல். அதுக்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நான் டாக்டராகி ஒன்றரை வருசம் ஆச்சு. இத்தன நாளும் இதை ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் அம்மா.